கணு தாண்டாத கீரை

சாமுண்டீஸ்வரியிடம் கீரை வாங்கலாம். கணு வாங்க முடியாது. சேக்காட்டில் இது தெரியாதவர் இல்லை. மற்ற கீரைக்காரர்கள் அரிவாளைப் போட்டு ஒரே இழுப்பாக அரிந்து கட்டுவார்கள். இவள் மஞ்சள் கரிசலாங்கண்ணிப் பாத்தியில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு, இலை இலையாகக் கட்டை விரல் நகத்தால் கிள்ளுவாள். இலை போகலாம், நுனிக் கொழுந்து போகலாம், சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூக்கிற அந்த மஞ்சள் பூகூடப் போகலாம். தண்டில் முட்டு முட்டாக இருக்கிறதே கணு, அது மட்டும் அவள் வரப்பைத் தாண்டக் கூடாது. அந்தச் செடிக்கு விதை வேண்டியதில்லை. ஒரு கணு ஈர மண்ணில் பட்டால் போதும், வேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். இன்றைக்கு ஒருத்திக்குக் கணு கொடுத்தால் நாளைக்குத் தெருவுக்கு ஒரு பாத்தி முளைக்கும், அப்புறம் தன் கீரையை எவன் தேடி வருவான் என்று கேட்பாள். கஞ்சப் பிசினாரி என்று ஊர் சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

அவள் பிடிவாதத்துக்கும் காரணம் இருந்தது. புருஷன் ஜம்புலிங்கம் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். முட்டி தேய்ந்துபோய் வண்டியை விட்டு இறங்கிய நாளிலிருந்து அந்தப் பாத்திதான் வீட்டில் அடுப்பு எரிய வைத்தது. பூந்தமல்லியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் யூசுப் பாய், ‘சேக்காட்டுச் சரக்கு’ என்று பெயர் சொல்லியே அவள் இலையைக் காயவைத்துப் பொடி பண்ணி விற்றார். ஆவடியில் வள்ளலார் வழி நடக்கிற சங்கத்துக்காரர்கள் தினமும் சமையலுக்கும் பல் துலக்கவும் அவளிடம்தான் வாங்கினார்கள். பாத்தி போனால் பிழைப்பு போச்சு. இதில் பேசுவதற்கு வேறொன்றும் இல்லை.

நிலம் மாமனார் விட்டுப் போனது. ஏரிக்குக் கீழே, ஒரு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதில், மறுபக்கம் லாரி ஷெட்டு, நடுவில் தப்பிப் பிழைத்த ஒரு துண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது பள்ளத்துப் பாதியை சாமுண்டீஸ்வரி கேட்டு வாங்கினாள். ஊரே சிரித்தது. மழை பெய்தால் முட்டிக்கால் தண்ணீர் நிற்கிற இடத்தை எவளாவது கேட்டு வாங்குவாளா என்றார்கள். கரிசலாங்கண்ணிக்கு ஈரம் வேண்டும், மதில் நிழல் வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். மேட்டுப் பாதி கொழுந்தன் பாண்டியனுக்குப் போனது. அவன் பெண்டாட்டி தாட்சாயிணி அதில் பச்சை வலை கட்டி நர்சரி போட்டாள். இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்பு. வரப்பு என்றால் ஒரு ஆள் நடக்கலாம், எதிரே ஆள் வந்தால் ஒருத்தர் சேற்றில் இறங்க வேண்டும். ஓரகத்திகள் இருவரும் இறங்கினதில்லை. தூரத்தில் பார்த்ததுமே ஒருத்தி திரும்பிப் போய்விடுவாள்.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. தாட்சாயிணியின் மகள் பவித்ரா வெளுத்துப்போய், படி ஏறினால் மூச்சு வாங்குகிற பெண். கரிசலாங்கண்ணி தினமும் சேர்த்தால் ரத்தம் ஊறும் என்று யாரோ சொல்ல, தாட்சாயிணி ஒருநாள் வரப்பருகே வந்து நின்று, தொட்டியில் வைத்துக்கொள்கிறேன், ஒரு கை கணு கொடு அக்கா என்று கேட்டாள். சாமுண்டீஸ்வரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெண்ணுக்குக் கூட்டு வைக்கத்தானே கேட்கிறாய், தினம் வந்து இலை வாங்கிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டாள். தினமும் வந்து கையேந்தி நிற்க வேண்டும் என்பதுதான் அந்தப் பேச்சின் அர்த்தம். தாட்சாயிணிக்கு அது புரிந்தது. வாங்காமலே திரும்பிப் போனாள்.

அப்புறம் ஆடி மாதம். பக்கத்துத் துண்டில் முளைக்கீரை போடுகிற ராஜம்மா ஒரு சாயங்காலம் வந்து காதைக் கடித்தாள். வாயில் ஏதாவது ஊர்ச்செய்தி இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. “உன் ஓரகத்தி வரப்புக்கு இந்தாண்ட வந்து குனிஞ்சிகினு இருந்தா. இன்னா பறிச்சா ஏது பறிச்சா எனக்குத் தெரியாது, நான் பாக்கல” என்றாள். பார்க்காதவள் சொல்கிற பேச்சா அது? சாமுண்டீஸ்வரி ஓடிப் போய்ப் பாத்தியைப் பார்த்தாள். ஓர் ஓரத்தில் நாலைந்து கொடிகள் நுனி ஒடிந்து கிடந்தன. நாய் மிதித்திருக்கலாம், நத்தை தின்றிருக்கலாம். அவளுக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

செல்லியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை, ஊரே கோயில் வாசலில் பாத்திரத்தோடு நிற்கும்போது தாட்சாயிணியைப் பிடித்துக்கொண்டாள்.

“என் பாத்தில கை வச்சியா இல்லியா? அம்மன் வாசல்ல சொல்லு.”

“வக்கில.”

“வாயால சொன்னா ஆச்சா? கற்பூரம் அணைச்சு சொல்லு.”

கூழ் வாங்க வந்தவர்கள் நெருங்கி வந்து நின்றார்கள். கற்பூரம் அணைக்கச் சொல்வது விளையாட்டில்லை. கொலைக்கும் நிலத் தகராறுக்கும் கேட்கிறதைக் கீரைக்குக் கேட்கிறாளே என்று ஜம்புலிங்கமே அவள் கையைப் பிடித்து இழுத்தான். பாண்டியன், வேண்டாம் அண்ணி, வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று கெஞ்சினான். தாட்சாயிணி யாரையும் பார்க்கவில்லை. பூசாரி தட்டில் எரிந்துகொண்டிருந்த கட்டியின் மேல் வலது உள்ளங்கையை அப்படியே வைத்து அழுத்தினாள். “ஒரு கணு, ஒரே ஒரு கணு நான் எடுத்திருந்தா என் குடும்பம் வெளங்காம பூடட்டும்” என்றாள். கையை எடுத்தபோது தோல் வழன்று போயிருந்தது.

அவ்வளவுதான், ஊர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. கையைச் சுட்டுக்கொண்டவள் உத்தமி, சுட வைத்தவள் பாவி. அந்தத் தழும்பைத் தாட்சாயிணி மறைக்கவே இல்லை. காய்கறி வாங்கும்போதும் சில்லறை நீட்டும்போதும் உள்ளங்கையை விரித்தே நீட்டினாள். ராஜம்மாவே போய் அதைத் தடவிப் பார்த்து உச்சுக்கொட்டினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு நிற்கவில்லை. கள்ளிக்குப்பத்தில் இருக்கிற தன் அண்ணன் மகனுக்குப் பவித்ராவைக் கேட்டாள். சாமிக்குப் பயந்த குடும்பம், சத்தியம் சுத்தமான வீடு என்று அவளே சொல்லிச் சம்பந்தம் பேசினாள். தை பிறந்ததும் நிச்சயம் என்று முடிவாயிற்று. பெரியம்மாக்காரி சாமுண்டீஸ்வரிக்கு அது மூன்றாம் மனுஷர் மூலமாகத்தான் தெரிந்தது.

புரட்டாசியில் வரப்பை ஒட்டி வெடேலியா வந்தது. அதுவும் மஞ்சள் பூதான், அதுவும் தரையில் படர்கிற கொடிதான், கரிசலாங்கண்ணிக்குச் சித்தப்பன் பெரியப்பன் பிள்ளை முறை. ரோட்டு நடுவில் மேடு கட்டி வைக்கிறார்களே, புகையிலும் வெயிலிலும் சாகாமல் பளபளவென்று கிடக்கிறதே, அதேதான். நம் செடியின் இலை ஒடுக்கமாக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். அதன் இலை கொழுத்து, மூன்று முனையாகப் பிரிந்து, எண்ணெய் தடவினதாக மின்னும். பூவும் பெரிது. அதை மருந்து என்று எண்ணிப் பறித்துக்கொண்டு போகிறவர்கள் ஊரில் நிறைய. ரோடு போடுகிற கான்டிராக்டர் ஒருவர் லாரி லாரியாகக் கேட்டார். தாட்சாயிணி கறுப்புப் பைகளில் மண் அடைத்து வரிசையாக வைத்தாள். வரப்பை ஒட்டித்தான் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, அதனால் அங்கே வைத்தோம் என்று பாண்டியன் அண்ணனிடம் டீக்கடையில் சொன்னான். குழாய் இருந்தது உண்மை. அதோடு தாட்சாயிணியின் மனசில் வன்மம் இருந்ததும் உண்மை.

பைக்குள் அடங்குகிற செடியா அது? ஒரு வாரத்தில் கொடி நீட்டி வரப்பில் ஏறியது, மறு வாரம் இந்தப் பக்கம் இறங்கியது. இரண்டு பெண்களுக்கும் பேச்சு கிடையாது, ஆகவே ஜாடைப் பேச்சு ஆரம்பமாயிற்று. சாமுண்டீஸ்வரி தன் கோழியைப் பார்த்து, “எல்ல தெரியாத கய்தைங்க எல்லாம் ஊடு பூந்து மேயுது, உனக்கு இன்னா கேடு?” என்று சத்தமாகக் கேட்பாள். கோழி பாவம், சும்மா கிளறிக்கொண்டிருக்கும். வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாட்சாயிணி தண்ணீர்க் குழாயைப் பார்த்து, தானும் தின்னாமல் அடுத்தவருக்கும் தராமல் கட்டிக் காக்கிற பிசாசுகள் வாழ்ந்ததே இல்லை என்பாள். லாரி ஷெட்டுக்காரர்கள் டீ குடித்துக்கொண்டே கேட்டு ரசிப்பார்கள்.

ஒருநாள் சாமுண்டீஸ்வரி தன் பாத்தியின் நட்டநடுவில் பளபளப்பான மூன்று முனை இலை ஒன்றைப் பார்த்தாள். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. அரிவாளோடு வரப்பில் ஏறி, இந்தப் பக்கம் தொங்கின கொடிகளையெல்லாம் வாரி இழுத்துப் போட்டு, வெறி வந்தவளாகப் பொடிப் பொடியாக நறுக்கினாள். நறுக்கினதை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி மேட்டுப் பக்கம் வீசினாள். “உன் சனியன் உன்னாண்டயே கெடக்கட்டும்” என்று, ஜாடையெல்லாம் இல்லாமல், நேராகவே கத்தினாள். மதியம் வரைக்கும் வீசினாள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டபோது அவளுக்கு வயிறு நிறைந்தது, மனசும் நிறைந்தது.

கணுவைப் பற்றி ஊருக்கே பாடம் சொல்கிறவள், கணு கணுவாக நறுக்கினோமே என்று நினைக்கவில்லை. மேட்டில் எறிந்தது பள்ளத்துக்குத்தான் வரும் என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும், அவளுக்கு அன்றைக்குத் தெரியவில்லை. கோபம் கண்ணை மறைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் ஊற்றினது. ஏரி நிரம்பி வழிந்தது, அடுக்குமாடியின் சாக்கடையும் சேர்ந்துகொண்டது, மேட்டு நிலத்துத் தண்ணீர் மொத்தமும் வரப்பை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. தண்ணீர் வடிந்த பிறகு ஜம்புலிங்கம் முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்து பார்த்தான். கரிசலாங்கண்ணி சேற்றில் அழுகிப் படுத்திருந்தது. அதன் மேல் நத்தைகள் ஊர்ந்தன. அவள் வீசின துண்டுகள் ஒவ்வொன்றும் பாத்தி முழுக்க ஒட்டி உட்கார்ந்து, கார்த்திகை வெயில் பட்டதும் ஜம்மென்று துளிர்த்தன. சாம்பலைத் தூவி நத்தையைப் பொறுக்கினாள், குனிந்து குனிந்து வெடேலியாவைப் பிடுங்கினாள். பிடுங்கின இடத்தில் ஒரு துண்டு மண்ணுக்குள் நின்றுவிடும், நாலு நாளில் மறுபடி முளைக்கும். பிழைத்த நம் செடியின் வேரும் அதன் வேரும் பின்னிக்கொண்டு, அதை இழுத்தால் இதுவும் வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. யாரைச் சொல்லி அழுவது என்றுதான் தெரியவில்லை.

கிடைத்ததைக் கிள்ளி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனாள். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட ரோட்டில் சேறு தெறிக்க நடந்து, கடையில் கூடையை இறக்கினாள். யூசுப் பாய் பேப்பரை விரித்து இலையைப் பரப்பினார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மின்னுகிற இலை ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார், இன்னொன்றை எடுத்து அதன் மேல் வைத்தார்.

“இன்னாமா இது, ரோட்டுச் செடி கலந்துகினு வந்துகீது?”

மழை என்று ஆரம்பித்தாள். அவர் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் உறைத்தது. “மத்தவன் குடுக்கறது எல்லாமே இதுதான்மா. உன்னுது மட்டும்தான் அசல்னு சொல்லி நான் குடுத்துகினு கீறேன். நோவுக்காரங்க வாங்கிகினு போறாங்க. சுத்தமா இருந்தா எடுத்துகினு வா, இல்லாங்காட்டி வராத” என்று சொல்லிக் கூடையைத் தூக்கி அவளிடமே கொடுத்தார். அத்தனை வருஷத்தில் அவள் நிறைகூடையோடு பஸ் ஏறித் திரும்பினது அன்றைக்குத்தான்.

பாத்தியை மொத்தமாகக் கொத்திக் கவிழ்த்துக் காயப்போடுவதைத் தவிர வழியில்லை என்று முடிவு பண்ணினாள். அதற்கு முன்னால் கலப்பில்லாத கணு கொஞ்சம் கையில் வேண்டும். எங்கே போவது? ஊரில் ஒருத்தரிடமும் கிடையாது. கிடையாமல் பார்த்துக்கொண்டவளே அவள்தான். இருந்தாலும் அலைந்தாள். பட்டாபிராம் பக்கம் மூலிகைத் தோட்டம் என்று போர்டு மாட்டின இடத்தில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று எழுதி வெடேலியாவை வைத்திருந்தார்கள். இன்னோர் இடத்திலும் அதே கதை. ஜம்புலிங்கம் தன் பங்குக்குத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் தெரிந்தவர் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு சாக்கு நிறையக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக வந்து இறக்கினான். அவிழ்த்தாள். மூன்று முனை இலை பளபளவென்று சிரித்தது. அவள் சாக்கோடு தூக்கித் தெருவில் போட்டாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு பரிமாறினபோது தட்டு தரையில் பட்டு மூன்று சுற்றுச் சுற்றியது.

அதற்கு மறுநாள், வரப்பை மண் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். மழைக் காற்றில் நர்சரியின் பச்சை வலை ஓரிடத்தில் கிழிந்து தொங்கிற்று. அந்தக் கிழிசல் வழியாக, அடுக்கின பைகளுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஓர் உடைந்த பெயின்ட் பக்கெட் தெரிந்தது. பக்கெட் விளிம்பில் வழிந்து தொங்கின கொடியில் இலை ஒடுக்கமாக இருந்தது. நுனியில் ஒரு சின்னப் பூ.

தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. தாய்க்குப் பிள்ளையைத் தெரியாதா?

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். அடிப்பாவி, கற்பூரத்தின் மேல் கை வைத்தாயேடி, குடும்பம் விளங்காமல் போகட்டும் என்றாயேடி. ஊரைக் கூட்டி இந்தப் பக்கெட்டைக் கோயில் வாசலில் வைத்தால் போதும். ராஜம்மாவைக் கூப்பிட வாயையும் திறந்துவிட்டாள். அந்த ராஜம்மாதான் சம்பந்தி வீட்டுக்காரி என்று அப்போது நினைவு வந்தது. தை மாதத்து நிச்சயம் அந்த நிமிஷமே நின்று போகும். பவித்ரா மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை. வழியில் பார்த்தால் இன்றைக்கும் பெரியம்மா என்று நின்று பேசுகிற பெண். இது ஒரு யோசனை. இன்னொரு யோசனை, இதைவிடக் கெட்டியானது: தான் இங்கே சத்தம் போட்டால் தாட்சாயிணி அங்கே முதல் வேலையாகச் செடியைப் பிடுங்கிக் கொதிதண்ணீரை ஊற்றிவிடுவாள். ஊர் வந்து பார்க்கும்போது காலி பக்கெட்தான் இருக்கும். சத்தியத்தை ஜெயிக்கலாம், இல்லையென்றால் செடியைக் காப்பாற்றலாம். இரண்டும் நடக்காது.

காத்திருந்தாள். ஒரு நாள் முற்பகல், கான்டிராக்டர் லாரி வந்து நின்று, பாண்டியனும் ஏற்றுகூலிக்காரர்களும் வாசல் பக்கம் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாட்சாயிணி அவர்களுக்கு டீ வைக்க உள்ளே போனதைப் பார்த்துவிட்டு, கிழிசல் வழியாக நுழைந்தாள். ஒரு கணு விடாமல், அடிவரைக்கும் ஒடித்து முந்தானையில் கட்டினாள். நாலு கொடி விட்டுவிட்டு வரலாமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்படித் தோன்றினால் அவள் சாமுண்டீஸ்வரி இல்லை.

திரும்பினால் எதிரே தாட்சாயிணி, கையில் டீத் தூக்கோடு. வரப்பின் மேல் முளைக்கீரைக் கூடையோடு ராஜம்மா.

“இன்னா எடுத்த?” என்றாள் தாட்சாயிணி. ஆடி மாதத்துக்கு அப்புறம் அவள் முகம் பார்த்துப் பேசின முதல் வார்த்தை.

சாமுண்டீஸ்வரி முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்தாள். தாட்சாயிணி குரலை உயர்த்தினாள். வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், பாண்டியன் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தான். “என்னைத் திருடின்னு அம்மன் வாசல்ல நிக்க வச்ச. இப்ப நீ என் கொட்டாய்க்குள்ள பூந்துகினு இன்னா பண்ற? அவுத்துக் காட்டு முந்தானிய. எல்லாரும் பாக்கட்டும்.”

“அவுத்துதான் காட்டேன்டி. இன்னாதான் கீது பாப்போம்” என்றாள் ராஜம்மா. கூடையை இறக்கி வைத்துவிட்டு வசதியாக நின்றுகொண்டாள்.

தாட்சாயிணிக்கு முகம் ஜொலித்தது. இதற்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன் என்பதுபோல் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, முந்தானை முடிச்சில் தானே கை வைத்தாள். வைத்தவள் கண், சாமுண்டீஸ்வரியின் தோளைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போயிற்று. மொட்டையாக நின்ற பக்கெட்டைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

முடிச்சை அவிழ்த்தால் உள்ளே இருப்பது ஒடுக்கமான, சொரசொரப்பான இலை. கீரைக்காரி ராஜம்மா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். சாமுண்டியின் பாத்தியைத் தவிர வேறெங்கும் இல்லாத செடி, கணு தாண்டாத செடி, இந்த வலைக்குள் எப்படி வந்தது என்று அடுத்த வார்த்தை கேட்பாள். சாமுண்டீஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்க்கிறதானால் அவிழ்த்துக்கொள் என்பதுபோல் அசையாமல் நின்றாள்.

தாட்சாயிணி கையை எடுத்தாள்.

“வெடேலியாதான” என்றாள். குரல் கீழே இறங்கியிருந்தது. “ரோட்டுக்குப் போற சரக்குல நாலு கொடி. எடுத்துகினு போவட்டும் உடு.”

ராஜம்மா விடவில்லை. வெடேலியாவைச் சபித்துக்கொண்டிருந்தவள் அதையே வந்து திருடுவாளா, இதில் என்னவோ சூது இருக்கிறது, அவளும் கற்பூரம் அணைக்கட்டும், அவளுக்கு ஒரு நியாயம் உனக்கு ஒரு நியாயமா என்று கேட்டாள். கூலிக்காரர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

“கற்பூரம்லாம் ஒண்ணும் வாணாம்” என்றாள் தாட்சாயிணி.

எல்லாரும் சாமுண்டீஸ்வரியைப் பார்த்தார்கள். ஊரிலேயே ஒருத்தியிடமும் தலை குனியாதவள், குப்பைச் செடி என்று காறித் துப்பினதைத் திருடினேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். முந்தானைக்குள் ஈரம் வயிற்றில் சில்லென்று பட்டது.

“வெடேலியாதான்” என்றாள். “கேக்காம எடுத்துட்டேன்.”

முதலில் ஒரு கூலிக்காரன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா, கேட்டிருந்தால் ஒரு பையே கொடுத்திருப்போமே, ரோட்டில் போய்ப் பிடுங்கினால் கேட்பாரில்லையே என்றார்கள். பாண்டியன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போய்ப் பையைத் தூக்கினான். அவள் வரப்பில் ஏறி வீடு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வீட்டுக்கு வந்து மாடிக்கு ஏறி, நிழல் பக்கம் இருந்த சிமென்ட் தொட்டியில் எருவும் வண்டலும் கலந்து, ஒவ்வொரு கணுவாகச் சாய்த்து நட்டாள். நட்டு முடித்துக் கை கழுவின பிறகுதான் அழுதாள்.

ராஜம்மாவின் வாய் சும்மா இருக்குமா? மார்கழி முடிவதற்குள் சேக்காடு முழுக்க சாமுண்டீஸ்வரிக்கு வெடேலியாக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது.

தை மாதம் நிச்சயத்துக்கு அண்ணன் தம்பி முறையை விட முடியாமல் புருஷனோடு போய் உட்கார்ந்தாள். பந்தியில் ராஜம்மா, சீர்வரிசைத் தட்டில் ஒரு தட்டு வெடேலியா வைக்கவில்லையா, பெரியம்மா தேடுவாங்களே என்று சத்தமாகக் கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார்வரைக்கும் சிரித்தார்கள். எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தது தாட்சாயிணி. சாமுண்டீஸ்வரி இலையிலிருந்த வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு மென்றாள்.

கிளம்பும்போது தாட்சாயிணி தாம்பூலப் பையோடு வாசலுக்கு வந்தாள். விரித்து விரித்துக் காட்டின அந்த உள்ளங்கையை இப்போது மூடியே வைத்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

“அடியோட ஒடிச்சிட்ட. பக்கெட்டு காஞ்சி பூட்டுது” என்றாள், வாய் அசையாமல். “பவிக்கு இன்னும் சோகைதான். அத்தத் துன்னுதான் கொஞ்சம் தேறிகினு வந்தா. ரெண்டே ரெண்டு கணு குடு. போதும்.”

சாமுண்டீஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டாள். தாம்பூலப் பையை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

“பொண்ணுக்கு வோணும்னா தெனம் எலை அனுப்பறேன். கணு மட்டும் கேக்காத” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.